வாய் படைத்த சுவர்கள்

சுவருக்கும் காது உண்டு என்று சொல்லக் கேட்டிருக்கிறோம். காது உண்டு, சரி. வாய் உண்டா?

உண்டு என்று நமக்குச் சொல்லியனுப்பினார் நம் ஊர்த் தோழர் ஒருவர். கப்பலிலே எந்திரப் பிரிவில் வேலை பார்த்து, துறைமுகம் துறைமுகமாகச் சுற்றி, கடைசியில் இத்தாலி நாட்டுச் சார்தீனியத் தீவிலே குடியேறிவிட்டவர் அவர். "அண்ணே, நீங்க பட்டிதொட்டியெல்லாம் சுவரெழுதின ஆளு. இங்கே மலைமேலே ஒரு ஊர் இருக்கு; ஊரிலே மனுசன் பேசுறதைவிடச் சுவர் பேசுறதுதான் அதிகம். ஒரு நடை வந்து பாருங்க" என்றார். சுண்ணாம்பு வாளியும் நீலப்பொடியும் ஈச்சமட்டைத் தூரிகையுமாக நள்ளிரவில் நடந்த கால்கள் நம்முடையவை. அந்த அழைப்பை மறுக்க மனம் வருமா? சென்றோம். கண்டதைத் தோழர்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

மத்தியதரைக் கடலிலே சிசிலிக்கு அடுத்தபடியாகப் பெரிய தீவு சார்தீனியா. பணம் படைத்தோர் அதன் கடற்கரையைத்தான் அறிவார்கள். உல்லாசப் படகுகள் ஊர்வலம் போகும் நீலக்கடலும், மாளிகைகள் வரிசை வகுக்கும் மணற்பரப்பும் அவர்களுக்குப் போதும். நாம் கடலுக்கு முதுகைக் காட்டினோம். தெற்கே காலியாரித் துறைமுகத்திலிருந்து வடக்கு நோக்கிப் புறப்பட்டது நம் தோழரின் பழைய மோட்டார். சித்திரை மாதம். வழியெங்கும் பச்சை. அந்தப் பச்சையின்மேல் யாரோ பஞ்சை உதறியதுபோல ஆடுகள், ஆடுகள், மீண்டும் ஆடுகள்! தீவிலே மக்கள் ஏறத்தாழ 16 இலட்சம். செம்மறிகளோ 30 இலட்சத்தை ஒட்டி. மனிதருக்கு இரண்டு ஆடு என்று கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். ஆனால் மனிதர் ஒவ்வொருவருக்கும் ஆடு இருக்கிறதா என்று கேட்டுவிடாதீர்கள். அந்தக் கணக்கு எந்த நாட்டிலும் நேராக வருவதில்லை.

நாம் சென்ற நெடுஞ்சாலைக்குக் கார்லோ பெலிச்சே என்ற மன்னரின் பெயர். 1820-களிலே அவர் காலத்தில் போடப்பட்ட பாதையாம். மன்னர் பெயர் கல்லிலே நிற்கிறது. கல்லைச் சுமந்தவன் பெயர் எங்கே என்று கேட்டோம். தோழர் சிரித்தார். "அவன் பெயர் வேணும்னா இன்னும் கொஞ்சம் மேலே ஏறணும் அண்ணே" என்றார்.

நெடுஞ்சாலையிலிருந்து மலைக்குப் பாதை பிரியும் இடத்துக்குப் பக்கத்திலே கிலார்சா என்று ஓர் ஊர். அங்கே கறுத்த கல்லால் கட்டிய ஓர் எளிய வீடு. அந்தோனியோ கிராம்சி வளர்ந்த வீடு அது. 1891-இல் ஆலெஸ் என்னும் ஊரில் பிறந்து, இங்கே சிறுவனாக ஓடியாடியவர். ஓடியாடினார் என்று சொல்வதுகூடத் தவறு. முதுகு கூனிப்போன நோயாளிப் பிள்ளை. தொடக்கப் பள்ளியை முடித்ததும், தந்தை சிறையிலிருந்த காரணத்தால், நிலப் பதிவேட்டு அலுவலகத்திலே வேலைக்கு அனுப்பப்பட்டான். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம். தன் எடையைவிடக் கனத்த பதிவேடுகளைத் தூக்கித் தூக்கி வைக்கும் வேலை. மாதச் சம்பளம் 9 லிரா. தினம் ஒரு கிலோ ரொட்டிக்கு அது சரியாகும். யாருடைய நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எழுதிய ஏட்டைத் தூக்கிய பிள்ளைதான், நிலமும் ஆலையும் யாருக்கு உரியவை என்று பின்னாளில் உலகத்தைக் கேட்டான். 1926-இல் முசோலினியின் சர்க்கார் அவரைச் சிறையிலே பூட்டியது. 1937-இல் உயிர் பிரிந்தது. சிறையிலே எழுதிய குறிப்பேடுகள் மட்டும் பூட்டுக்கு அடங்கவில்லை. அந்த வீட்டில் நாம் நெடுநேரம் நிற்கவில்லை. மாலைக்குள் மலை ஏறவேண்டும். ஏறினால் அவரை அங்கேயும் காணலாம் என்று தோழர் சொல்லியிருந்தார்.

பாதை வளைகிறது, நெளிகிறது, ஏறுகிறது. சாலையோரத்திலே தக்கை மரங்கள். குப்பிகளை அடைக்கும் தக்கை இருக்கிறதே, அது இந்த மரத்தின் பட்டைதான். ஒருமுறை உரித்தால் மறுபடி உரிக்கக் கிட்டத்தட்டப் பத்தாண்டு காத்திருக்க வேண்டும். உரித்த மரம் இடுப்புவரை செந்நிறமாக, தோல் உரிந்த மனிதனைப்போல நிற்கிறது. பார்க்கவே நமக்குக் கூச்சமாயிருந்தது. மரம் என்னவோ மறுபடி பட்டை கட்டிக்கொள்கிறது.

இந்த மலைநாட்டுக்குப் பார்பாஜா என்று பெயர். பெயர்க் காரணம் கேட்டால் தோழர்கள் சிரிப்பீர்கள். தீவின் கரைகளையெல்லாம் பிடித்த ரோமாபுரிப் படை, இந்த மலைமக்களை முற்றிலும் அடக்க முடியாமல் திணறியது. அடக்க முடியாதவர்களை என்ன சொல்லி அழைப்பது? காட்டுமிராண்டிகள் என்றது! அந்தச் சொல்லின் மிச்சம்தான் இன்றைய பார்பாஜா. வெல்ல முடியாதவனுக்கு வசைப்பெயர் வைப்பது ஆதிக்கக்காரனின் ஆதிகாலப் பழக்கம். வேடிக்கை என்னவென்றால், மலைமக்கள் அந்த வசையை விருதாக்கிக் கொண்டார்கள்.

சாலையோர ஊர்ப்பெயர்ப் பலகைகளிலே ஓட்டை ஓட்டையாக இருப்பதைக் கண்டு, துருவா என்று கேட்டோம். "துப்பாக்கி, அண்ணே!" என்றார் தோழர். போகிற போக்கில் பலகையைக் குறிபார்த்துச் சுடுவது மலைநாட்டு வாலிபர்களின் வழக்கமாம். சில பலகைகளில் ஊர்ப்பெயர் இரண்டு மொழியில். இத்தாலி மொழியில் நுவோரோ. அதன் அருகே சார்தீனிய மொழியிலே நுகோரோ. இந்த மக்களுக்கென்று தனிமொழி இருக்கிறது, தோழர்களே! இத்தாலி மொழியின் கொச்சை அல்ல. இலத்தீனிலிருந்து தனியே கிளைத்த மொழி. பள்ளியிலே அதைப் பேசிய பிள்ளையைத் தலையில் குட்டிய காலம் இருந்தது. மாநிலச் சட்டம் 1997-இலும், நாட்டுச் சட்டம் 1999-இலும் வந்தபிறகுதான் அதற்குச் சட்டத்திலே ஓர் இடம். சட்டம் வந்தது; பேசும் பிள்ளைகளோ குறைந்துகொண்டு வருகிறார்கள். இரண்டு மொழிப் பலகையிலும் துப்பாக்கிக் குண்டு ஓட்டை போட்டிருந்தது. குண்டுக்கு மொழிபேதம் இல்லை போலும்.

நுவோரோ நகரம் மலைமேல் இருக்கிறது. 1926-ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு பெற்ற கிராசியா தெலெத்தா அம்மையார் பிறந்த ஊர். நான்காம் வகுப்போடு பள்ளிப் படிப்பு நின்றுபோன பெண்மணி அவர். பட்டம் பெறாதவர் பேனா பிடிக்கலாமா என்று நம்மைக் கேட்போருக்குச் சொல்லிவைக்க இந்தச் செய்தியைச் சட்டைப்பையிலே போட்டுக்கொண்டோம். வழியிலே மாமொயாதா என்ற ஊர். கறுப்பு மரமுகமூடி அணிந்து, முதுகிலே கிட்டத்தட்ட 30 கிலோ மணிகளைக் கட்டிக்கொண்டு தை மாதத்திலே ஆடவர் குதித்து நடக்கும் ஊர். நாம் போனபோது ஆட்டமும் இல்லை, மணியும் இல்லை. காப்பி மட்டும் கிடைத்தது.

அங்கிருந்து சுமார் பத்து கிலோமீட்டரில் ஓர்கோசொலோ. இதுதான் நாம் தேடிவந்த ஊர்.

ஊரின் பெயரைச் சொன்னாலே ஒருகாலத்தில் இத்தாலியர் முகம் சுளிப்பார்களாம். கொள்ளைக்காரர் ஊர்! பழிக்குப்பழி ஊர்! 1903 முதல் 1917 வரை இங்கே குடும்பத்துக்குக் குடும்பம் கொன்று குவித்த பகை ஒன்று நடந்தது. 1960-களிலிருந்து சில பத்தாண்டுகள் இந்த மலைகள் ஆட்கடத்தலுக்குப் பெயர்போனவை. இதையெல்லாம் மூடி மறைத்து, கொள்ளைக்குப் பூச்சூட்ட நாம் வரவில்லை. கடத்தப்பட்டவனின் தாயும் தாய்தான். ஆனால் ஓர் ஊரே எப்படிக் கொள்ளைக்காரர் ஊராகும் என்று கேட்காமலிருக்கவும் முடியவில்லை. வித்தோரியோ தெ சேத்தா என்பவர் 1961-இலே 'ஓர்கோசொலோவின் கொள்ளையர்' என்று ஒரு படம் எடுத்தார். நடிகர்கள் இல்லை, மலை இடையர்களே நடித்தார்கள். செய்யாத குற்றத்துக்காகத் தேடப்படும் இடையன் தன் மந்தையோடு மலைக்கு ஓடுகிறான். நீரின்றி மந்தை மடிகிறது. கடனோ நிற்கிறது. முடிவில் தன்னைப்போன்ற இன்னொரு இடையனின் ஆடுகளைத் துப்பாக்கி முனையிலே ஓட்டிச் செல்கிறான். ஏழை ஏழையைக் கொள்ளையடிக்கும் அந்த இடத்தில்தான் படத்தை முடிக்கிறார். நாம் அதைப் பார்த்துவிட்டுத்தான் போனோம். பார்க்காதவர்கள் பாருங்கள்.

இனி சுவருக்கு வருவோம். ஆனால் வண்ணச் சுவருக்கு முன்னே வேறொரு சுவர் இருக்கிறது. அதைச் சொல்லாமல் இதைச் சொன்னால் விளங்காது.

மலைச்சரிவெங்கும் சாந்து இல்லாமல், கல்லின்மேல் கல்லை அடுக்கிய குட்டைச் சுவர்கள் ஓடுகின்றன. பார்க்க அழகு. நாமும் "எவ்வளவு அழகு!" என்றுதான் முதலில் சொன்னோம். வாயை மூடிக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குமுன் மேய்ச்சல் நிலத்தில் பெரும்பகுதி ஊருக்குப் பொது. புல் பொது, விறகு பொது, ஊற்று பொது. 1820-இலே ஒரு மன்னர் ஆணை பிறந்தது: யார் வேண்டுமானாலும் தம் நிலத்தைச் சுவர் எழுப்பி வளைத்துக் கொள்ளலாம், வேளாண்மை வளரும் என்று. யார் வேண்டுமானாலும்! எவ்வளவு சமத்துவமான சொல்! சுவர் எழுப்பக் கல்லுக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். பணம் யாரிடம் இருந்தது? இருந்தவன் வளைத்தான். தன் நிலத்தையும் வளைத்தான், பொது நிலத்தையும் வளைத்தான், பாதையையும் ஊற்றையும்கூட வளைத்தவன் உண்டு. நேற்றுவரை சும்மா மேய்ந்த ஆட்டுக்கு இன்று குத்தகை. 1832-இலே இடையர்கள் திரண்டு சுவர்களைத் தள்ளினார்கள். பட்டாளம் வந்து அடக்கியது. மிஞ்சியிருந்த பொது உரிமைகளும் பிறகு சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. 1868 ஏப்ரலிலே நுவோரோ நகரில் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். முன்னே நின்றவர் பாஸ்கெதா சாவு என்ற ஏழைப்பெண். மக்கள் முழங்கியது: பழைய வழக்கத்துக்கே திரும்புவோம்! நகர மன்றத்துக்குள் புகுந்து, பொது நிலத்தை விற்ற பத்திரங்களைத் தெருவிலே போட்டுக் கொளுத்தினார்கள்.

பழைய வழக்கத்துக்குத் திரும்புவோம் என்ற முழக்கத்தை வேறொரு இடத்தில் கேட்டால் நமக்குக் கோபம் வரும். பழமையின் பெயரால் மனிதனை மிதித்தவர்களை நாம் அறிவோம். ஆனால் இங்கே பழைய வழக்கம் என்றால் பொதுப் புல்வெளி என்று பொருள். சொல்லைப் பார்த்து ஏமாறக்கூடாது, தோழர்களே. அந்தச் சொல்லால் யார் வயிறு நிறைகிறது என்று பார்க்கவேண்டும்.

ஆக, மலை இடையன் கண்ட முதற்சுவர் அவனை வெளியே தள்ளிய சுவர். நூற்றைம்பது ஆண்டு கழித்து அவன் கையிலே ஒரு சுவர் அகப்பட்டது. அது எப்படி?

1969 மே மாத இறுதி. ஓர்கோசொலோ ஊர்ச்சுவர்களிலே ஓர் அறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. ஊருக்கு வெளியே பிராத்தோபெல்லோ என்ற மேய்ச்சல் வெளி இருக்கிறது. பெயரின் பொருளே அழகிய புல்வெளி. அந்தப் புல்வெளியிலே பட்டாளம் பீரங்கிப் பயிற்சி நடத்தப் போகிறது; இடையர்கள் தம் மந்தைகளை அப்புறப்படுத்த வேண்டும். இதுதான் செய்தி. கோடைப் புல் அங்கே. ஆட்டை எங்கே கொண்டுபோவது? அது தாளில் இல்லை. தற்காலிகம் என்றார்கள். ஆனால் தற்காலிகமென்று வந்த பட்டாளம் தானாகத் திரும்பிப் போகும் என்று அந்தத் தீவிலே யாரும் நம்பவில்லை. தெற்கே தெயுலாதா முனையிலும், கிழக்கே குயிர்ராவிலும் 1950-களிலேயே பெரும் பெரும் நிலங்கள் படைப் பயிற்சிக்காக வேலியிடப்பட்டுவிட்டன.

ஊர் கூடியது. ஆடவர், பெண்டிர், மாணவர், கிழவர் எல்லோரும் கூடிய பொதுக்கூட்டம். என்ன செய்வது? ஆயிரம் வேட்டைத் துப்பாக்கிகள் இருந்திருக்கும் அந்த ஊரிலே. பழிவாங்கும் ஊர் என்று பெயர் வாங்கிய ஊர் அது. பத்திரிகைகள் இரத்தத்தை எதிர்பார்த்திருக்கும். அவர்கள் செய்தது வேறு. துப்பாக்கியை வீட்டிலே வைத்துவிட்டுப் புறப்பட்டார்கள். ஜூன் 19-ஆம் நாள் ஏறத்தாழ ஊரே காலியாகிப் பிராத்தோபெல்லோவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டது! கறுப்பு முக்காடிட்ட கிழவிகள் பட்டாள வண்டிக்கு எதிரே நின்றார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். சிப்பாய்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தானே, அவர்களோடு பேசினார்கள். குண்டு வெடிக்க வேண்டிய இடத்திலே அடுப்பு மூட்டினார்கள். நாட்கள் நகர்ந்தன. பேச்சு வார்த்தை நடந்தது. முடிவில் பட்டாளம் மூட்டையைக் கட்டியது; புல்வெளி ஆடுகளுக்கே நின்றது.

அப்போது எமிலியோ லூசு என்ற முதியவர் போராட்டத்தை ஆதரித்துச் செய்தி அனுப்பினார். யார் இந்த லூசு? முதல் உலகப் போரில் சாசாரிப் படையணியில் போரிட்டவர். போரின் கொடுமையைப் புத்தகமாக எழுதியவர். 1921-இலே சார்தீனியச் செயல் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். முசோலினியின் தீவுச் சிறையிலிருந்து 1929-இல் படகிலே தப்பியவர். ஓர்கோசொலோவுக்கு இழைக்கப்படுவது தீவை அடிமைக் காலனியாக நடத்தும் செயல் என்ற பொருள்பட அவர் எழுதினார். அந்த வாசகம் இன்று எங்கே இருக்கிறது? ஊர்ச்சுவரிலே! எழுத்து எழுத்தாக, ஆள் உயரத்துக்கு மேலே எழுதி, சுற்றிலும் மக்கள் கூட்டத்தை வரைந்து வைத்திருக்கிறார்கள். தாள் ஒட்டி நிலத்தைப் பறிக்க வந்த அதே சுவர்களிலே.

அதே 1969-இல்தான் ஊரின் முதல் சுவரோவியமும் தோன்றியது. மிலான் நகரிலிருந்து வந்த தியோனிசோ என்னும் நாடகக் குழுவினர், அரசே வேண்டாம் என்ற கொள்கைக்காரர்கள், அதை வரைந்தார்கள். அதன்பின் சில ஆண்டு அமைதி. 1975-இல் பாசிசத்திலிருந்து விடுதலை பெற்ற முப்பதாம் ஆண்டு. ஊர் நடுநிலைப் பள்ளியிலே ஓர் ஓவிய ஆசிரியர். பெயர் பிரான்செஸ்கோ தெல் காசினோ. சியேனா நகரத்துக்காரர், வெளியூர் மனிதர். மாணவர்களைக் கொண்டு ஊர்ப் பிரச்சினைகளைக் காகிதத்திலே சுவரொட்டியாக வரையச் செய்துகொண்டிருந்தார். காகிதம் எத்தனை நாளைக்கு? காற்றும் மழையும் நம்மூரிலும் சுவரொட்டியின் விரோதிகள்தாமே! "சுவரிலேயே வரைவோம்" என்று முடிவாயிற்று. ஊரார் தங்கள் வீட்டுச் சுவரைக் கொடுத்தார்கள்.

இதிலே நமக்கு ஒரு வியப்பு. நாம் சுவரெழுதிய காலத்தில் வீட்டுக்காரர் தடியோடு வந்த அனுபவம் உண்டு. எழுதும்வரை தூங்குவதுபோல் பாவனை செய்து, விடிந்ததும் வெள்ளையடித்தவரும் உண்டு. இங்கே வீட்டுக்காரரே வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். தெற்கே சமவெளியிலே சான் ஸ்பெராத்தே என்ற ஊரில் பினூச்சோ ஷோலா என்ற சிற்பி 1968-இலேயே ஊர்ச் சுவர்களுக்கெல்லாம் வெள்ளையடித்துப் படம் வரையத் தொடங்கியிருந்தார். பின்னர் மெக்சிகோ நாடு சென்று, உழைப்பவரைச் சுவரில் வரைந்த சிக்கெய்ரோசுடன் வேலை பார்த்து வந்தார். அந்தக் காற்று தீவெங்கும் வீசியது. ஆனால் ஓர்கோசொலோவிலேதான் அது அரசியல் சூட்டோடு நின்றது.

இன்று 150-க்கும் மேற்பட்ட படங்கள். முதன்மைத் தெருவின் பெயரே குடியரசுத் தெரு. இரு பக்கமும் படம். சன்னலைச் சுற்றிப் படம், கதவுக்கு மேலே படம், மாடிப்படியின் அடியிலே படம். இதோ ஆட்டுக்குட்டியைத் தோளில் சுமந்த இடையன். இதோ கறுப்பு உடையில் தாய். கண் மட்டும் நம்மைத் துளைக்கிறது. இதோ பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேலை தேடி வெளிநாடு போகும் குடும்பம். இதோ கிராம்சி, அந்த வட்டக் கண்ணாடியோடு! தோழர் சொன்ன சொல் பொய்க்கவில்லை. உருவங்கள் கோணல் கோணலாக, மூக்கு ஒருபக்கம் முகம் ஒருபக்கமாக இருக்கின்றன. பிக்காசோவின் பாணியைத் தெல் காசினோ தழுவினார் என்பார்கள். நமக்கு அந்த இலக்கணமெல்லாம் தெரியாது. கோணலாக வாழ்ந்தவனைக் கோணலாகத்தானே வரையவேண்டும் என்று நினைத்துக்கொண்டோம்.

ஊர்க்கதையோடு நிற்கவில்லை. வியட்நாம் இருக்கிறது. 1973-இலே சிலி நாட்டில் கவிழ்க்கப்பட்ட மக்களாட்சி இருக்கிறது. 2001 செப்டம்பரில் சரிந்த நியூயார்க் கோபுரங்கள் இருக்கின்றன. நாலாயிரம் பேர்கூட நிறைந்து வாழாத மலை ஊர், உலகத்தின் மறுகோடியில் ஒருவன் அடிபட்டால் இங்கே ஒரு சுவரை ஒதுக்குகிறது. சில படங்கள் அழகாயில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். அவசரமாக வரைந்தவை, வாசகம் நீண்டு படம் சுருங்கியவை உண்டு. மேடைப் பேச்சாளரான நமக்கே அந்தக் குறை உண்டாகையால் அதிகம் சொல்ல வாயில்லை.

காப்பிக் கடை வாசலில் ஒரு பெரியவர் நம்மைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டார். இந்தியா, தமிழ்நாடு, அங்கேயும் சுவரில் எழுதுவோம் என்று தோழர் மொழிபெயர்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டார். இடையர். வயது அறுபத்து மூன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1969-இல் ஏழு வயது, 1975-இல் பதின்மூன்று.

"பிராத்தோபெல்லோவுக்குப் போனீர்களா?" என்று கேட்டோம்.

"அம்மா தூக்கிக்கொண்டு போனாள். எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை என்ற சந்தோஷம். ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றேன். சிப்பாய் ஒருவன் தொப்பியைக் கழற்றி எனக்கு வைத்தான். போராட்டம் என்று பிறகுதான் தெரிந்தது" என்றார்.

அந்த ரொட்டியை நமக்கும் உடைத்துக் கொடுத்தார். அப்பளம்போல மெல்லியது, வாரக்கணக்கில் கெடாது. மந்தையோடு மாதக்கணக்கில் மலையில் கிடப்பவனுக்காகவே பிறந்த ரொட்டி. கடிக்கும்போது எழும் ஓசையால் அதற்கு இசைத்தாள் என்று கேலிப்பெயரும் உண்டாம்.

"படம் வரைந்தீர்களா?"

எழுந்தார். நடந்தார். நாமும் பின்னால் நடந்தோம். ஒரு சந்து முனையில் நின்று, படத்தின் அடியிலே ஓர் ஆட்டைக் காட்டினார். "இந்த ஆட்டின் முன்னங்கால் இரண்டும் என்னுடையது. வாத்தியார் கோடு போட்டுக் கொடுத்தார், நான் வெள்ளை அடித்தேன். ஒரு கால் குட்டையாகிவிட்டது. வாத்தியார் திருத்தவில்லை. நொண்டி ஆடு மந்தையில் இல்லையா என்றார். பிறகு வண்ணம் மங்கி, புதுப்பித்தார்கள். புதுப்பித்தவன் காலைச் சரிசெய்துவிட்டான்" என்றார். அந்தக் குறை அவருக்கு இன்னும் தீரவில்லை.

அதற்குள் ஒரு பெரிய பஸ் வந்து நின்றது. நாற்பது பேர் இறங்கினார்கள். காதிலே கருவி, அது படத்தின் வரலாற்றைச் சொல்கிறது. படம் பிடித்தார்கள். கத்தி வாங்கினார்கள், பனியன் வாங்கினார்கள், அரை மணியில் ஏறிப் போனார்கள். பட்டாளத்தை மறித்த கிழவியின் படம் பனியனிலே விற்கிறது! நமக்குச் சுருக்கென்றது. போராட்டத்தைக் காட்சிப்பொருளாக்கி விட்டீர்களே என்று கேட்கத் துடித்தோம்; கேட்டும்விட்டோம். பெரியவர் கோபிக்கவில்லை.

"அவர்கள் வராவிட்டால் இந்தக் கடை இல்லை. என் மகள் அந்தக் கடையில் வேலை செய்கிறாள். மகன் ஜெர்மனியில். ஆடு நான் மட்டும்தான் மேய்க்கிறேன்" என்றார். பிறகு சற்று நிறுத்தி, "அவர்கள் சுவரைப் பார்க்கிறார்கள். பாலின் விலையை ஒருவரும் கேட்பதில்லை" என்றார்.

நாம் கேட்டோம். கேட்டபிறகுதான் தெரிந்தது, பெரியவர் நெடுநேரமாக அந்தக் கேள்விக்கே காத்திருந்தார் என்று. பெகொரீனோ ரோமானோ என்று உலகெங்கும் விற்கும் பாலாடைக்கட்டி. பெயர் ரோமாபுரிக்கு, பாலோ பெரும்பகுதி சார்தீனிய ஆட்டுக்கு. 2019 பிப்ரவரியிலே ஆலைக்காரர் ஒரு லிட்டர் ஆட்டுப்பாலுக்குக் கொடுத்த விலை ஏறத்தாழ 60 சென்ட். செலவுக்கே காணாது. ஒரு யூரோவாவது கொடு என்றார்கள் இடையர்கள். மறுத்தபோது, கேன் கேனாகப் பாலைத் தார்ச்சாலையிலே கவிழ்த்தார்கள். நாம் வந்த அந்த நெடுஞ்சாலைகளிலேதான்! கறந்த கையாலேயே கொட்டினார்கள். பாலைக் கொட்டுகிறவன் திமிர் பிடித்தவன் என்று பட்டணத்திலே பேசியவர்கள் இருந்திருப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கறந்தவனுக்குத் தெரியாதா பாலின் அருமை? பெரியவரும் கொட்டினாராம். "அன்று இரவு மனைவி என்னோடு பேசவில்லை. மறுநாள் அவளே கேனைத் தூக்கிக்கொண்டு வந்தாள்" என்றார். விலை அப்புறம் ஏறியது. ஏறியது இறங்காது என்று எழுதிக்கொடுக்க யார் இருக்கிறார்?

2024-இலே தீவின் மலைமுகடுகளில் பெரும் பெரும் காற்றாலைகளை நிறுவக் கம்பெனிகள் படையெடுத்தபோது, எங்கள் நிலத்தைக் கேட்காமல் வளைக்காதே என்று மக்களே ஒரு சட்ட முன்வடிவு தயாரித்து, இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துத் திரட்டிக் கொடுத்தார்கள். அந்த முன்வடிவுக்கு என்ன பெயர் வைத்தார்கள் தெரியுமா? பிராத்தோபெல்லோ 24! காற்றாலை வேண்டுமா வேண்டாமா என்பதிலே நமக்குத் தனிக் கருத்து உண்டு. புகையில்லாத மின்சாரத்தை எளிதில் வேண்டாமென்று சொல்லிவிட முடியாது. பெரியவரிடம் அதைச் சொன்னோம். "மின்சாரம் வேண்டாம் என்று யார் சொன்னது? 1820-இலும் வேளாண்மை நல்லதென்றுதான் சொன்னார்கள். யாருக்கு என்பதுதான் கேள்வி" என்றார். நாலு எழுத்துப் படித்த நாம் வாயடைத்து நின்றோம்.

மாலை மூன்றரை. மேற்கே வெயில் சாய்ந்து, சுப்ரமோந்தே மலையின் வெள்ளைச் சுண்ணப்பாறை மஞ்சளாயிற்று. எதிர்ச் சுவரிலே புதிதாக வெள்ளையடித்த ஒரு சதுரம் மட்டும் படமில்லாமல் இருந்தது. இதிலே என்ன வரையப் போகிறார்கள் என்று கேட்டோம். இன்னும் கூடிப் பேசவில்லை என்றார். நீங்களாயிருந்தால் என்ன வரைவீர்கள் என்று கேட்டோம். யோசித்தார். மோட்டார் பக்கம் நடந்துகொண்டே, "பால் கேன். எழுதுவதற்கு விலை மட்டும் இடம் விட்டு வைப்பேன், வருஷா வருஷம் அழித்து எழுத" என்றார்.

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கறவை நேரம் தப்பினால் ஆடு கத்தும். நாய் ஒன்று தாவி ஏற, அவருடைய சிறிய வண்டி குடியரசுத் தெருவின் சரிவிலே, கிராம்சியைத் தாண்டி, கறுப்பு முக்காட்டுத் தாயைத் தாண்டி, புல்வெளிப் பக்கம் திரும்பிற்று.